ஐஸ் கொடுக்காத மனிதருக்கு

ஏனுங்க, கவிதா அப்பா,

வீட்டில் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுகிறேன். நான் மாலத்தீவுக்குப் போய்வந்துவிட்டேன். மலைப்பாதையில் பர்லியாறு இறங்குவதற்குள் வாந்தி எடுக்கிறவள் கடல் தாண்டிப் போனாளா என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நம் கவிதாதான் கூட்டிப்போனாள். தோணியில் வாந்தியே வரவில்லை, நம்புங்கள்.

கிளென்மார்கன் தேயிலை ஃபேக்டரியில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் அந்தத் தீவின் ஐஸ் பிளான்ட்டுக்கு வேலைக்குப் போனது எனக்குப் பிடிக்கவேயில்லை. லீவில் வந்தால் தோணிக்காரர் ஹசன் பேச்சுதான். ஹசன் பிடித்த சூரை மீன், ஹசன் மனைவி சுட்ட ரொட்டி. கடைசி லீவில் மட்டும் அந்தப் பெயரையே நீங்கள் எடுக்கவில்லை.

கேட்டுக் கேட்டுத்தான் சொன்னீர்கள். கடல் சூடாகித் தீவை ஒட்டிய பவளப்பாறை வெளுத்துப்போனது. சூரையைத் தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடிக்க, உயிருள்ள சின்ன மீன்களை இரையாக வீச வேண்டும். அவை பாறையில்தான் வாழும். பாறை தேறும்வரை அங்கே இரை பிடிப்பதில்லை, மீறும் தோணிக்கு ஐஸ் இல்லை என்று தீவுக்காரர்கள் கூடி முடிவெடுத்தார்கள். முதலில் மீறியவர் ஹசன். தூரத்துப் பாறைக்குப் போய்வர அவருக்கு டீசல் கட்டுப்படியாகவில்லை. நீங்கள் ஐஸ் கொடுக்கவில்லை. தோணி நிறைய மீன் கெட்டுப்போனது. அதன்பின் அவர் உங்கள் முகத்தையே பார்க்கவில்லை.

“சரியாத்தான் செஞ்சேன். ஆனா சோறு எறங்க மாட்டேங்குது” என்றீர்கள். அந்த லீவிலேயே நெஞ்சுவலி வந்தது. ஊட்டி ஆஸ்பத்திரிக்குள் நடந்தே போன நீங்கள் திரும்பி வரவில்லை.

பிறகு ஹசன் எத்தனையோ முறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். ஒருநாள் கவிதா எடுத்துவிட்டு, அவர் அழுகிறார் என்று போனை என் காதில் வைத்தாள். தன் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார். எப்படிப் பேசினார் தெரியுமா? உங்கள் தமிழில்!

“ஏனுங்க, நீங்க வந்தா அவரு வந்த மாதிரிங்க.”

கோயமுத்தூர்க்காரர்கூட இத்தனை ‘ங்க’ போடமாட்டார். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்ததை என்னிடம் ஏன் சொல்லவில்லை?

கல்யாணம் முடிந்த மறுநாள் அந்தப் பாறைக்கு எங்களைத் தோணியில் கூட்டிப்போனார். அடி வரை தெரிகிற தண்ணீர். பாதிப் பாறை இன்னும் எலும்பு மாதிரி வெளுத்துத்தான் கிடக்கிறது. மீதியில் மெல்ல நிறம் ஏறியிருக்கிறது. அங்கே விரல்நீள இரைமீன்கள் கூட்டம் கூட்டமாக நீந்தின. நீங்கள் ஐஸ் மறுத்த அன்றிலிருந்து இன்றுவரை யாரும் அங்கே இரைக்கு வலை போடவில்லை. தூரத்துப் பாறைக்கு ஒரே தோணியில் போய் இரை பிடித்துவந்து எல்லாரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் டீசல் கட்டுப்படியாகிறது. உங்கள் ஐஸ் பிளான்ட்டுக்குள் இந்த மழைக்காலத்தில் கடல் புகுந்துவிட்டது. தரையை உயர்த்திக் கட்டுகிறார்கள். கல் சுமப்பவர்களில் ஹசனும் ஒருவர்.

தண்ணீரையே பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்: “அன்னைக்கு அவரு ஐஸ் குடுத்திருந்தா எல்லாத் தோணியும் எம் பின்னாடி வந்திருக்குமுங்க. இந்த மீனு இருக்காதுங்க. கோவத்துல பேசாம இருந்துட்டேன். அவருகிட்டச் சொல்லீருங்க.”

“நீங்களே வந்து சொல்லுங்க” என்றேன். அப்படிச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை. ஆத்திரம் எப்போது போனது? தெரியவில்லை.

அந்தக் கடல் இனியும் சூடாகுமா, தீவு தாங்குமா என்று கேட்டால் அவர்களுக்கும் பதில் தெரியவில்லை. இங்கேயும் மழை நினைத்த நேரத்தில் பெய்கிறது. பெய்தால் ரோடு சரிகிறது. ஆனால் அவர்கள் உட்கார்ந்து அழவில்லை. தூண்டிலோடு விடிகாலையில் கிளம்பிவிடுகிறார்கள்.

சித்திரையில் ஹசனும் அவர் மனைவியும் இங்கே வருகிறார்கள். வெயிலில் பிறந்தவர் நம் ஊர்க் குளிரைத் தாங்குவாரா? யாருக்கும் கொடுக்க மனம் வராமல் பெட்டியில் வைத்திருக்கும் உங்கள் பழுப்பு ஸ்வெட்டரை அவருக்குப் போட்டுவிடப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களைக் கரைத்த பைக்காரா ஆற்றங்கரைக்கு அவரைக் கூட்டிவருவேன். நான் தள்ளி நின்றுகொள்கிறேன். நீங்கள் இருவரும் பேசி முடிக்கும்வரை கூப்பிடமாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் ஊட்டுக்காரி
சரசு