ராஜேந்திரன் வீட்டுக்கு வந்தவள்

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் தூறல். குடைக் கைப்பிடி ஆடுகிறது, மாற்ற வேண்டும். துவைத்தது எதுவும் காயவில்லை.

புதுச்சேரியிலிருந்து என்னைப்போல் இந்த ஆபீசுக்கு மாற்றலாகி வந்தவர்கள் எல்லோரும் வெள்ளி மாலையே பையோடு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். எனக்கும் அங்கே வீடு உண்டு. என் அறையில் தம்பி மகன் படிக்கிறான். இங்கே தலத்தெரு வாடகை மாடியில் ஞாயிறு முழுக்கத் தனியாக உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடிக்கும். அதனால் பஸ்.

கோட்டுச்சேரி தாண்டி இறங்கி, வாய்க்கால் கரையோடு நடை. பச்சை வயல், கொக்கு, சேறு. நல்ல காற்று. ஆனால் எதிரில் வருகிற எல்லோருக்கும் ஒரே கேள்வி: யார் வீட்டுக்கு? சும்மா நடக்க வந்தேன் என்றால் நம்புவதில்லை. ஒருவர் நான் மனை பார்க்க வந்தவள் என்று முடிவே கட்டிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதுப் பெண் வேலையில்லாமல் நடக்கக் கூடாதா? எரிச்சல்.

டிசம்பர் 10, புதன்

தலைவலி. தயிர்சாதம். தம்பி போன். பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போகிறார்களாம். நீ எங்கே என்று கேட்கவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

வெயில். ஜன்னல் சீட். அதே நிறுத்தம். டீக்கடை அம்மா கேட்டதும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், ராஜேந்திரன் வீட்டுக்கு என்று. இந்தப் பக்கம் ராஜேந்திரன் இல்லாத ஊர் உண்டா?

"ரெண்டு பேரு உண்டுங்க. டிராக்டர் வெச்சிருக்கவரா, தவறிப்போனவரா?"

தவறிப்போனவர் என்றேன். அவர் எழுந்து வந்து இல்லையென்று சொல்லமாட்டாரே. என் புத்தி! அந்த அம்மா கடையை அப்படியே விட்டுவிட்டு, என்னைக் கையோடு கூட்டிப்போய் அவர் மனைவி முன்னால் நிறுத்திவிட்டார். சொந்தக்காரங்க வந்திருக்காங்க என்று அறிமுகம் வேறு.

பெயர் வசந்தா. என் வயதுதான் இருக்கும். துணி அலசிக்கொண்டிருந்தவர் முகம் மாறாமல், வாங்க, இப்பதான் வழி தெரிஞ்சுதா என்றார். டீக்கடை அம்மா போன பிறகுதான் யார் என்று கேட்டார். உண்மையைச் சொல்லிவிட்டு, வெட்கத்தில் செருப்பைத் தேடினேன்.

"இருங்க. அவரு போனதுலேருந்து அவரு பேரச் சொல்லிக்கிட்டு ஒருத்தரும் வரல. நீங்கதான் வந்திருக்கீங்க."

காபி. சீனி அதிகம். ஒரே மகள் திருப்பூரில், இரண்டாவது பிரசவம் நெருங்குகிறதாம். ஒருத்திக்காகச் சமைத்தால் ரசத்தோடு நின்றுவிடுகிறது என்றார். எனக்கும் அப்படித்தான். கிளம்பும்போது, அடுத்த ஞாயிறு சாப்பிட வரச் சொன்னார். தலையாட்டினேன்.

பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். பக்கத்து சீட்டுப் பெண் நகர்ந்து உட்கார்ந்தாள்.

டிசம்பர் 18, வியாழன்

மார்கழி ஸ்பீக்கர், விடியுமுன்பே. வாங்க வேண்டியவை: குடை, பேஸ்ட், ஆப்பிள் (வசந்தாவுக்கு). பச்சைப் புடவையா, காப்பிக்கலரா? பச்சை.

டிசம்பர் 21, ஞாயிறு

போகவில்லை.

எட்டு மணிக்கே புடவை கட்டியாயிற்று. பிறகு யோசனை. பேச்சுக்குக் கூப்பிட்டிருப்பார். பொய் சொல்லி நுழைந்தவள் சாப்பாட்டுக்கும் வந்துவிட்டாளே என்று நினைத்தால்? மழை வேறு வரும்போல் இருந்தது. வரவில்லை. மாலை வரை அதே புடவையோடு உட்கார்ந்திருந்தேன். அழுகை. இரண்டு ஆப்பிள்.

டிசம்பர் 28, ஞாயிறு

மனசு கேட்காமல் போனேன். வீடு பூட்டு. பக்கத்து வீட்டுப் பெண் வந்து விவரம் சொன்னார். மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகப் போன் வந்து, வியாழக்கிழமை வசந்தா திருப்பூர் போய்விட்டாராம். இனி அங்கேயே இருந்துவிடச் சொல்லி மருமகன் கூப்பிடுகிறாராம்.

"நீங்கதான் அந்தச் சொந்தக்காரங்களா? போன ஞாயித்துக்கெழம உங்களுக்குன்னு வெரால் மீன் வாங்கிக் கொழம்பு வெச்சாங்க. பஸ் ஸ்டாப்புல வந்து நின்னு நின்னு பாத்துட்டு, கொழம்ப எங்க வூட்டுல கொண்டாந்து குடுத்துட்டாங்க."

எனக்காக ஒருவர் பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கிறார். என் வாழ்க்கையில் யாரும் நின்றதில்லை.

ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே, நம்பர் இருக்குல்ல என்று கேட்டார். இல்லை என்றால், என்னைச் சொந்தக்காரி என்று வசந்தா சொன்னதும் பொய்யாகிவிடும்.

இருக்கு என்றேன்.