அந்த வாரத்துத் தொலைபேசி

மார்ச் 4

அண்ணாவுக்கு,

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நேரில் பேசினால் நீதான் ஜெயிப்பாய். அதனால் எழுதுகிறேன்.

அம்மா இருக்கும் வீட்டை விற்க நீ அனுப்பிய பத்திரத்தையும் கூடவே வந்த விளக்கத்தையும் படித்தேன். ரயில் வந்தபோது கம்பெனிகள் திவாலாயின, தண்டவாளம் நின்றது. இன்டர்நெட் வந்தபோதும் கம்பெனிகள் கவிழ்ந்தன, கேபிள் நின்றது. ஆகவே செயற்கை நுண்ணறிவில் இப்போதே பணம் போட வேண்டும் என்கிறாய். நீ முதலீட்டு ஆலோசகன் ஆயிற்றே, எழுத்தில் குறை சொல்ல முடியாது. தண்டவாளத்துக்குப் பணம் கொடுத்தவன் எங்கே நின்றான் என்றும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நீ சொன்னாய் என்றுதான் அப்பா மருந்துக்கடையை விற்று இன்டர்நெட் பங்குகளில் போட்டார். விலை சரிந்தபோது விற்றுவிடுங்கள் என்று கெஞ்சினேன். "பெரியவன் போன் பண்ணுவான்டா. அவன் சொல்லாம விக்க மாட்டேன்" என்றார். நீ உன் பங்குகளை விற்றுத் தப்பித்தாய். அவருக்கு ஒரு போன் செய்யவில்லை. அந்த வருஷமே அவர் போய்ச் சேர்ந்தார்.

அம்மாவுக்கு முழங்கால்தான் படுத்துகிறது. நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

உன் தம்பி

மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

என் பங்குகளை விற்ற அன்றே அப்பாவுக்குப் போன் அடித்தேன். அந்த வாரம் முழுக்க அடித்தேன். எப்போதும் எங்கேஜ்டு. கடைசியில் லைன் கிடைத்தபோது விற்க எதுவும் மிஞ்சவில்லை. "பரவாயில்லடா" என்று மட்டும் சொன்னார்.

நீதான் நண்பர்களோடு அரட்டை அடித்து லைனைப் பிடித்துவைத்திருந்தாய் என்று நினைத்தேன். நானும் உன்னோடு பேசாமல் இருந்தது அந்தக் கோபத்தில்தான்.

அம்மாவை நல்ல டாக்டரிடம் காட்டு.

அண்ணன்

மார்ச் 22

அண்ணா,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன்.  "அந்த வாரம் போனே அடிக்கலடா. உங்கப்பா நெட்டை அணைக்க விட்டாத்தானே. அணைச்சா விலை தெரியாதுன்னு அது முன்னாடியே உக்காந்திருந்தார்" என்றாள்.

அப்போது வீட்டில் ஒரே லைன். நெட் ஓடினால் போன் வராது. பகலெல்லாம் வேலையில் இருந்த எனக்கு அது உறைக்கவில்லை. உன் அழைப்புக்குக் காத்திருந்தவரே அதை அடைத்துவைத்திருந்தார்.

அப்பா நம்பிய இன்டர்நெட் வந்தே விட்டது. பேத்தியின் முகத்தை அம்மா அதில்தான் பார்க்கிறாள். நீ நம்புவதும் ஒருநாள் வரும். அதுவரை அம்மா தன் சமையலறையிலேயே இருக்கட்டும். பத்திரத்தில் நான் கையெழுத்திடவில்லை, திருப்பி அனுப்புகிறேன்.

உன்மேல் கோபப்பட இனி காரணமில்லை. ஆனால் கோபத்தைத் தவிர உன்னோடு எனக்கு வேறு பழக்கமும் இல்லை. 'உன் அன்புத் தம்பி' என்று எழுதிப் பார்த்தேன், யாரோ எழுதியதுபோல இருந்தது. அடித்துவிட்டேன். கீழே எதுவும் எழுதாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.