இருபத்தைந்து கிராம் நீலப் பளிங்கு

மார்ச் 3, திங்கள்
தூறல். சட்டை காயவில்லை, ஈரத்தோடு பள்ளிக்கு. தரம் 12 இரசாயனத் தாள் பன்னிரண்டு, திருத்த வேண்டும். நாற்பதுக்குக் குறைந்தவர் கலைப்பிரிவுக்கு. பள்ளி அதிபர் உத்தரவு. பட்டியல் வெள்ளிக்குள்.

கேள்வி 4 (10 புள்ளி): செப்புச் சல்பேற்றுப் பளிங்கு 25 g, நாகம் (Zn) 8 g. எது முதலில் தீரும்? எத்தனை கிராம் செம்பு வரும்?

என் விடை: நாகம் தீரும். செம்பு 7.8 g. பதினொரு பேர் அப்படியே.

கௌசல்யா மட்டும் வேறு. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். "தண்ணீர் 9 g கழிவு, மிச்சம் 16" என்று எழுதி, செப்புச் சல்பேற்றுதான் முதலில் தீரும் என்று முடித்திருக்கிறாள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. பூச்சியம். மொத்தம் 36.

மா. 4, செவ்.
தாள் கொடுத்தேன், பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லி. அவளை எழுப்பி நிறுத்தினேன்.

"இது என்ன கொழுந்து மடுவமா? ஈரத்துக்குக் கழிச்சிட்டு நிறுக்கிறதுக்கு?"

வகுப்பே சிரித்தது. என் அம்மா பறித்த தேயிலைக் கொழுந்திலும், மடுவத்தில் நிறுக்கும்போது, தினம் ரெண்டு கிலோ ஈரத்துக்குப் போகும். அதனால்தான் வாயில் அவ்வளவு சட்டென்று வந்தது.

"பளிங்குல தண்ணி இருக்கு சேர்."

"உங்கம்மா கூடையில இருக்கு. உட்காரு."

இன்னும் பெரிய சிரிப்பு. அவள் அழவில்லை. அது எரிச்சலாக இருந்தது.

மா. 6, வியா.
வெயில். ஆய்வுகூடம். அதே கணக்கைச் செய்துகாட்டி அவள் வாயை அடைக்கலாம் என்று. பளிங்கு 25, நாகத்தூள் 8. கரைசலின் நீலம் முழுக்கப் போயிற்று. அடியில் செம்போடு சாம்பல் தூளும் கிடந்தது. தண்ணீர் கலந்த ஐதான அமிலம் ஊற்றினேன். நுரைத்தது. நுரைத்தால் நாகம் மிச்சம்.

முதலில் தீர்ந்தது நாகம் இல்லை.

வடித்து, உலர்த்தி, நிறுத்தேன்: 6.1 g. யாரோ சிந்திவிட்டார்கள் என்று சொல்லி வகுப்பை அனுப்பினேன். தனியாக இன்னொரு தடவை. 6.2.

போத்தல் லேபலில் இருக்கிறது, CuSO₄-க்குப் பக்கத்தில் 5H₂O. நான் தண்ணீரில்லாத உப்புக்குரிய 160-ஆல் வகுக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பளிங்குக்கு 250. பளிங்கு 0.1 மூல், நாகம் 0.12. வரக்கூடிய செம்பு 6.35. அவள் தாளை எடுத்துப் பார்த்தேன். 6.35. மூல் கணக்கு ஒவ்வொரு வரியும் சுத்தம்.

மா. 7, வெள்.
திருத்தினால்: அவளுக்கு 46. மற்ற பதினொரு பேருக்கும் பத்துப் பத்து குறையும். மூன்று பேர் நாற்பதுக்குக் கீழே, ரிஸ்வானும் ஒருவன். பஸார்க் கடைக்காரர் மகன், அவன் வாப்பா அதிபரிடம் நேரே போவார். கேள்வி யார் போட்டது? நான். எனக்கு வேலை நிரந்தரக் கடிதம் வருவது இந்த மாதம்.

திருத்தாவிட்டால்: ஒருத்தி.

10.30 அவள் அப்பா வந்தார், வேலைக்குப் போகாமல். உட்காரக் கதிரையைக் காட்டவில்லை நான்.

"சேர், புள்ள விடாம சொல்லுதுங்க, அந்தக் கணக்கு சரின்னு. ஒருதடவ பாத்துருங்க."

"பாத்தாச்சி."

"கலைக்குப் போனா டவுனுக்கு அனுப்பி என்னத்துக்குங்க? எஸ்டேட் பள்ளிக்கூடத்துலயே அது இருக்குதே."

"அப்ப அங்கேயே சேத்துருங்க. பஸ்ஸும் மிச்சம்."

கௌசல்யா அவருக்குப் பின்னால். என்னைப் பார்க்கவில்லை, அலமாரியில் இருந்த நீலப் போத்தலைப் பார்த்தாள். "வாங்கப்பா. சேருக்குத் தெரியும்."

1.15 பட்டியல் கொடுத்தாயிற்று. ஒரு பெயர்.

மதியம் சோறு இரண்டு தடவை. நல்ல பசி.

மா. 10, திங்.
பனி, பத்து மணி வரை. பதினொரு பேர். பிழையான முறையோடு இவர்களை உயர்தரச் சோதனைக்கு அனுப்ப முடியாது. கேள்வி 4-ஐ மறுபடி பலகையில் போட்டேன். 250. தண்ணீர் 9 g, உப்பு 16. செப்புச் சல்பேற்று முதலில் தீரும், 6.35.

ரிஸ்வான் கையைத் தூக்கினான். "சேர், அப்ப கௌசல்யா போட்டது சரிதானே?"

"அவ இந்த வகுப்புல இல்ல. உனக்கு எத்தன புள்ளி?"

"நாப்பத்திரெண்டு சேர்."

"அதுல பத்து இந்தக் கணக்குல வந்தது. கழிக்கவா?"

கையை இறக்கினான். அழித்துவிட்டு அடுத்த கணக்கை எழுதினேன். பதினொரு பேரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.