வெயிலில் நின்ற வித்து

அக்கா,

இன்று காலை புட்டியை அடைக்கும்போது ஸ்பிரிட் விளக்கில் அடைப்புப் பஞ்சு லேசாகக் கருகிவிட்டது. அந்த வாசம் வந்ததுமே, "பாத்துங்க அம்மணி, பஞ்சு லட்சுமி" என்று நீங்கள் பின்னால் நிற்பது போல இருந்தது. உங்கள் அப்பா பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். கீழே கிடக்கும் பஞ்சைக்கூட மிதிக்க மாட்டீர்கள். கண்ணில் ஒற்றி எடுத்து வைப்பீர்கள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் உங்கள் வீட்டுப் பின்னறையில் நாம் காளான் வித்து வளர்க்க ஆரம்பித்தபோது இரண்டு வகைதான் இருந்தது. சிப்பிக் காளான் வெளியில் வாங்கியது. பால் காளான் நாமே எடுத்தது. மழைக்குப் பிறகு உங்கள் தோட்டத்துத் தென்னையடியில் முளைத்தது. அந்த வித்து வேறெங்கும் கிடையாது.

அப்போதுதான் நம்மிடம் வித்து வாங்கிய தாராபுரத்து மகளிர் குழுவிலிருந்து அந்த போன் வந்தது. "ஏனுங்க, பால் காளான்னு குடுத்தீங்க, சிப்பி மொளச்சிருக்குது. எருமைய வாங்கியாந்து கட்டினா, விடிஞ்சு பாக்கையில ஆடு நிக்குதுங்க."

புட்டிக்குள் இரண்டும் ஒரே வெள்ளை நூல். கண்ணால் பிரிக்க முடியாது. சிப்பிக்கு வேகம் அதிகம். துளி புகுந்தாலும் மற்றதை அமுக்கிவிடும். புட்டிகளுக்கெல்லாம் மூல வித்தை வைத்திருக்கும் தாய்க்குழாய்கள் எல்லாவற்றிலும் அது புகுந்திருந்தால் நம் தென்னையடிக் காளான் அத்தோடு தீர்ந்தது. என் கணக்கு நோட்டைப் புரட்டினேன். எத்தனை புட்டி என்று இருந்தது. எது எதைத் தொட்டது என்று எங்கே இருக்கும்? எல்லாவற்றையும் கொட்டிப்போட்டு வேற வேலை பாருங்க என்றார் எங்கள் வீட்டுக்காரர். நான் முருகனிடம் முறையிட்டேன். நீங்களும் கும்பிட்டீர்கள், கும்பிட்ட கையோடு கண்ணாடித் தட்டுகளை எடுத்தீர்கள்.

"சிப்பிக்குக் குளுமைதான் ஒத்துக்கும், பாலு வெயிலத் தாங்கும். வெயில்ல யாரு நிக்கறாங்கன்னு பாத்துப்போடலாம் அம்மணி."

ஒவ்வொரு குழாயிலிருந்தும் இரண்டு தட்டுக்குப் பொட்டு வைத்தோம். ஒன்று தண்ணீர்ப் பானை ஓரம், மற்றது தகரக் கூரைக்கடியில். பானையோரம் எல்லாமே சிப்பி வேகத்தில் ஓடியது. தகரத்துக்கடியிலோ அத்தனையும் சுருண்டு கிடக்க, ஒரே தட்டில் மட்டும் வெள்ளை நூல் கெட்டியாக நகர்ந்திருந்தது. சிப்பி எட்டாத அதன் நுனியில் எள்ளளவு வெட்டிப் புதுக் குழாயில் வைத்தீர்கள்.

மூடப்போன உங்கள் கை அப்படியே நின்றது. தட்டத்தில் பழைய பஞ்சு அடைப்புகள் வரிசையாகக் கிடந்தன, சிப்பிப் புட்டியில் கழற்றியதும் பால் புட்டியில் கழற்றியதும் பக்கம் பக்கமாக. வீணாக்கக் கூடாதென்று, எந்தப் புட்டியுடையது என்று பாராமல் நாம் திரும்பத் திரும்பப் போட்டவை.

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். "லட்சுமின்னு எடுத்து வெச்சோம். அவ ஊடு மாறிப் போயிட்டா."

அன்றே எல்லா அடைப்பையும் கண்ணில் ஒற்றி அடுப்பில் போட்டீர்கள். ஒரு நாளில் ஒரு வகைதான், ஒவ்வொரு புட்டிக்கும் புதுப் பஞ்சுதான் என்றாகிவிட்டது. அந்த எள்ளளவிலிருந்து வளர்ந்த வித்தைத் தாராபுரத்துக்கு அனுப்பினோம். குண்டு குண்டாகப் பால் காளான் ஒரு கூடை நிறைய பஸ்ஸேறி வந்தது. "எருமையேதானுங்க" என்று போனும் வந்தது. அன்றைக்கு அந்தப் பின்னறையில் நாம் சிரித்த சிரிப்பு!

இப்போது நீங்கள் இல்லை. ஒவ்வொரு கோடையிலும் தாய்க்குழாய் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பொட்டு தகரத்துக்கடியில் வைத்துப் பார்க்கிறேன். பழைய பஞ்சைக் கண்ணில் ஒற்றித்தான் தீயில் போடுகிறேன்.

இன்று மத்தியானம் போய்ப் பார்த்தேன். நல்ல வெயில். நம் வித்து நிற்கிறது, அக்கா.