உதட்டுக்குப் பின்னால் வந்த குரல்

மாமா,

உங்கள் கருமாதிப் பத்திரிகையை நேற்று உங்கள் மகன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். பெயருக்கு முன்னால் ‘சவுண்டு இன்ஜினீயர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். படித்ததும் சிரித்துவிட்டேன். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை எதிரில் சிரிக்கக் கூடாது என்று தெரியும். இருமல் என்று சொல்லிச் சமாளித்தேன். செத்த பிறகும் அந்தப் பட்டத்தை நீங்கள் விடவில்லை.

அறுபதுகளின் கடைசி அது. முசரவாக்கத்தில் அப்பா டூரிங் டாக்கீஸ் நடத்திக்கொண்டிருந்தார். அத்தை மகனான நீங்கள் மெட்ராஸிலிருந்து வந்து இறங்கினீர்கள். ஏதோ ஸ்டுடியோவில் சவுண்டு வேலை பார்த்ததாகச் சொன்னீர்கள். அங்கே என்ன செய்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தீர்கள், கூடாரத்துக்குள் வந்தும் கழற்றவில்லை. எங்கள் வீட்டாருக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த வாரமே அப்பா உங்களை மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தார். தை பிறந்தால் நிச்சயம் என்றார்கள். பிள்ளையார்பாளையத்தில் எனக்கான பட்டுப்புடவை தறியில் ஏறிவிட்டது. இந்தக் கல்யாணத்தில் என்னிடம் விருப்பம் கேட்டது அந்த நெசவுக்காரர் மனைவி ஒருத்திதான். அதுவும் என்ன நிறம் வேண்டும் என்று.

புரொஜெக்டரை ஓட்டியவர் சூசை. அதே ஊரின் காலனிக்காரர். அவர் கையில் படம் அறுந்து நான் பார்த்ததில்லை. நீங்கள் வந்த மறுநாளே அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மெஷினுக்கு சர்வீஸ் செய்தீர்கள். தீபாவளிக்குத் தலையில் எண்ணெய் வைப்பதுபோல, கண்ட இடத்திலெல்லாம் எண்ணெயை ஊற்றினீர்கள்.

“போதுங்க, உள்ள எறங்கிடும்” என்றார் சூசை.

“எனக்கே சொல்றியா நீ?” என்றீர்கள்.

அன்று சாயங்காலத்திலிருந்து படத்தில் பேசியவர்கள் எல்லாம் வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசினார்கள். ஒரு வசனமும் புரியவில்லை. தரை டிக்கெட்டில் ஒரே விசில். நீங்கள் சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின்மேல் கையை வைத்து, நாடி பார்க்கும் வைத்தியர்போல் கண்ணை மூடினீர்கள். பிறகு அப்பாவிடம் தீர்ப்புச் சொன்னீர்கள்.

“உள்ள இருக்கறது செத்த வால்வு மாமா. நல்லதைக் கழட்டி வெளியே வித்துட்டு, இத்த மாட்டி வச்சிருக்கான். காலனி ஆள மெஷின் கிட்ட வுட்டா இப்படித்தான் ஆவும்.”

அந்தக் கண்ணாடிக் குழாய் வால்வுகள் இருக்கும் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை நீங்கள். மறுநாள் காலை டீக்கடை வாசலில், பத்துப் பேர் எதிரில், சூசையை நிறுத்தி அதையே சொன்னீர்கள்.

“நான் எடுக்கலிங்க. எம் புள்ளைங்க மேல சத்தியம்” என்றார் அவர்.

“போலீஸுக்குப் போவாம வுடறேன், அதுவே பெரிசு. இனிமே வராதப்பா” என்றார் அப்பா.

அந்தக் காலத்தில் டாக்கீஸ் முதலாளிகள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். திருடன் என்று ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால் எந்தக் கூடாரத்திலும் மெஷினைத் தொட விடமாட்டார்கள். அது உங்களுக்கும் தெரியும்.

அன்றைக்கு அதே வால்வை வைத்துக்கொண்டு நீங்களே படம் ஓட்டினீர்கள். பிலிமை மாட்டும்போது கீழே கொஞ்சமாக விட வேண்டிய வளைவை ஏகத்துக்கும் நீளமாக விட்டுவிட்டீர்கள். படம் முன்னால் போக, அதே அடைத்த குரல் பின்னால் வந்தது. கதாநாயகி அறைந்துவிட்டுத் திரும்பி நடந்த பிறகு, அறை விழுந்த சத்தம் கேட்டது.

“தோ பார்பா, வாய மூடிக்கினு பேசுது” என்று ஒருவன் கத்தினான். கூடாரமே சிரித்தது.

நீங்கள் வெளியே வந்து, “மெஷின் சரியாத்தான் இருக்குது. உங்க காதுலதான் கோளாறு” என்றீர்கள்.

“அத்தினி பேருக்குமா?” என்று முன்வரிசையில் ஒரு பெண் அமைதியாகக் கேட்டாள். உங்களைப் பற்றி இத்தனை வருஷத்தில் நான் கேட்ட நல்ல விமர்சனம் அதுதான்.

படம் தொடங்கும் முன் இசைத்தட்டுப் போடுவது என் வேலை. அன்றும் போட்டிருந்தேன். தட்டுகளை உறையில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. பாட்டும் அதே ஆம்ப்ளிஃபயர் வழியாகத்தான் போகிறது. திரைக்குப் பின்னால் இருக்கும் அதே ஸ்பீக்கரில்தான் கேட்கிறது. பாட்டு கணீரென்று இருந்தது. வால்வு செத்திருந்தால் பாட்டும்தானே செத்திருக்க வேண்டும்?

மறுநாள் காலை உங்களை வைத்துக்கொண்டே அப்பாவிடம் கேட்டேன்.

“பொம்பளைக்கு இதெல்லாம் புரியாது” என்றீர்கள்.

கூடாரத்துக்குள் போனேன். தட்டை வைத்தேன். பாட்டு வெளியே தெருவரைக்கும் கேட்டது. டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். பிறகு மெஷின் இருந்த கேபினுக்குள் போய், பிலிமிலிருந்து குரலைப் படிக்கும் சின்ன விளக்கின் மூடியைத் திறந்தேன். எதிரே இருந்த கண்ணாடியைத் தொட்டேன். விரலெல்லாம் எண்ணெய். என் தாவணி முனையால் துடைத்தேன். பிலிமை மாட்டி அப்பா மெஷினை ஓட்டினார். பகல் வெளிச்சத்தில் திரையில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் வசனம் எழுத்துக்கு எழுத்து விழுந்தது.

“எண்ணெ யாரு ஊத்தனது?” என்றார் அப்பா.

“கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றீர்கள் நீங்கள்.

“சூசைகிட்ட மன்னிப்பு கேளுங்க மாமா. அதே டீக்கடையில” என்றேன்.

“அவன்கிட்டயா?” என்றீர்கள்.

ஒரே சொல். பொய், வீம்பு, கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒருவேளை பொறுத்திருப்பேன். அந்தச் சொல்லோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது? கல்யாணம் வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அத்தை எங்கள் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அந்தப் பட்டுப்புடவையைப் பின்னாளில் என் தங்கை கட்டிக்கொண்டாள். அப்பா காலனிக்கு நடந்துபோய்ச் சூசையைக் கூப்பிட்டார். அவர் வந்தார், அந்தப் படம் முடியும்வரை ஓட்டிக் கொடுத்தார், அப்புறம் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

பல வருஷம் கழித்துக் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் உங்களைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. குழந்தைகளை விசாரித்தீர்கள். பிறகு, “அன்னிக்கு நீ என்னைத் தனியா கூப்ட்டு சொல்லியிருக்கலாம். எல்லார் எதிர்லயும் அசிங்கப்படுத்திட்ட” என்றீர்கள்.

“சூசையை மட்டும் தனியா கூப்ட்டா சொன்னீங்க?”

நீங்கள் கடலை வண்டிப் பக்கம் திரும்பினீர்கள். என் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அந்த ஆள் என்ன ஆனான் என்று ஒரு வார்த்தை கேட்பீர்கள் என்று பக்கத்திலேயே நின்றேன். கேட்டிருந்தால் அன்றோடு உங்களை மன்னித்து விட்டிருப்பேன். வறுகடலை வாங்கித் தின்றீர்கள். பொட்டலத்தை என்னிடமும் நீட்டினீர்கள். பஸ் வந்தது.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சூசை அரக்கோணம் பக்கம் ஒரு தியேட்டரில் தலைமை ஆபரேட்டராக இருந்தார். மகளை டீச்சராக்கினார். அந்த மகள்தான் என்னிடம் சொன்னாள்: சொந்த ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த டீக்கடை இருக்கும் தெருவில் அவர் போகமாட்டாராம். வயல் வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுற்றித்தான் வீட்டுக்கு வருவாராம். கடைசிவரைக்கும்.

இது உங்களுக்கென்று நான் வைத்திருந்த பதில். கேட்க ஆள் இல்லை. இன்னும் என்னிடமே இருக்கிறது.