பட்டக்காரர் கிணறும் பஞ்சாயத்துக் கிணறும்

எசமானுக்கு,

இன்று காலை உங்கள் அரண்மனைக் களஞ்சியத்தின் கதவைக் கழற்றினார்கள். அதற்குள் போடப்போகும் பனியன் துணி பின்னும் மெஷின் திருப்பூரிலிருந்து லாரியில் வந்து நிற்கிறது, வாசல் போதவில்லை. கதவு விலகியதும் பழைய கம்பும் காய்ந்த வேப்பந்தழையும் கலந்த நெடி அடித்தது. இறக்க வந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நானோ தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். நீங்கள் காலமாகி இத்தனை வருஷம் கழித்தும், நீங்கள்தான் வருகிறீர்கள் என்று உடம்பு நினைத்துக்கொண்டது.

இந்த ஊரின் கதையை நீங்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். உங்கள் முப்பாட்டனார் காட்டை வெட்டி ஊர் வைத்தார், கோயில் கட்டினார், பஞ்சத்தில் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார், அதனால் பட்டக்காரர் என்ற பட்டம் கிடைத்தது. ஒருநாள் நான் ஓட்டிவந்த நூல் மூட்டை வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டேன்:

“அவரு காட்டை வெட்டறப்ப எங்க முப்பாட்டன் நெழல்ல குந்தி வேடிக்கை பாத்தாருங்களா, சாமி?”

உங்கள் கணக்குப்பிள்ளை என்னை அதட்ட எழுந்தார். நீங்கள் அவரை உட்காரச் சொல்லிவிட்டு வெற்றிலையை மென்றீர்கள். அடுத்த முறை கதை சொன்னபோது என் முப்பாட்டனும் அதில் வந்தார், அரிவாள் தீட்டிக் கொடுத்தவராக. அவ்வளவுதான் உங்களுக்கு மனசு வந்தது.

பிறகு அந்தக் கோடை. ஊர்க் கிணறு வற்றிவிட்டது. அரண்மனைக் கிணற்றில் மட்டும் தண்ணீர், அதுவும் இனிப்பு. உங்கள் மாடுகள் குடித்த பிறகுதான் எங்களுக்குக் கதவு திறக்கும். அதுவரை பெண்கள் குடத்தோடு வெயிலில் நிற்பார்கள். நிறைமாதமாக இருந்த என் வீட்டுக்காரி அங்கேதான் மயங்கி விழுந்தாள். பொதுக்கிணறு வெட்டுகிறேன் என்று பஞ்சாயத்துத் தேர்தலில் உங்களை எதிர்க்கத் துணிந்தது அதனால்தான். ஆனால் உங்களிடம் சொல்லாமல் நம் ஊரில் ஒரு காரியமும் தொடங்கிப் பழக்கமில்லையே! தேங்காய் பழத்தட்டோடு உங்கள் முன்னாலேயே வந்து நின்றேன்.

“உங்களுக்கெதிரா நிக்கறனுங்க. உத்தரவு வேணுமுங்க.”

“குடுக்காட்டி நிக்கமாட்டயா?”

“நிப்பனுங்க. கொஞ்சம் சங்கடமா நிப்பனுங்க.”

வெற்றிலைச் சாறு வேட்டியில் சிந்தும்படி சிரித்தீர்கள். “செரி, நில்லு. என்ற ஓட்டை யாரு வந்து கேக்கறது?” என்றீர்கள். அதையும் கேட்டேன். எனக்குப் போட்டீர்களா என்று கடைசிவரை நீங்கள் சொல்லவில்லை.

ஜெயித்தேன். கிழக்கே புறம்போக்கில் கிணறு வெட்டினோம். ஊறிய தண்ணீர் உப்புக் கரித்தது, பருப்பு வேகவில்லை. ஊர் முந்திக்கொள்வதற்குள் ‘உப்புத் தலைவர்’ என்று நானே எனக்குப் பேர் வைத்துக்கொண்டேன். எல்லோரும் மறுபடி உங்கள் வாசலுக்கே போய்விடுவார்கள் என்று உள்ளுக்குள் பயம். ஒருத்தரும் போகவில்லை.

நில உச்சவரம்புச் சட்டத்தில் உங்கள் நிலம் போனதும், உங்கள் பிள்ளைகள் கோயமுத்தூரோடு இருந்துகொண்டதும் அப்புறம் நடந்தவை. நீங்கள் தளர்ந்ததை நான் பார்த்தது அதற்கெல்லாம் முன்னால். ஒரு சாயங்காலம் என் வண்டியை நிறுத்தச் சொல்லி, கிணற்றடிக்குக் கூட்டிப்போய், உங்கள் கையாலேயே ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தீர்கள்.

“எப்பிடி இருக்குது?”

“இனிக்குதுங்க, சாமி.”

“கதவையுங் காலையிலிருந்து தெறந்துதான் போட்டிருக்கறன். அப்பறம் ஏங்கண்ணு ஒருத்தருங்கூட வரக்காணோம்?”

எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன் நான். அன்றைக்குச் சொம்பில் மீதியிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தேன். உப்பாக இருந்தாலும் பொதுக்கிணற்றில் யாரும் யாருக்காகவும் காத்து நிற்க வேண்டியதில்லை, அதுதான் பதில். உங்களுக்கும் அது தெரியும் என்று முகத்திலேயே தெரிந்தது. சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டி ஏறினேன்.

இப்போது பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் எனக்காக ஜனம் நிற்கிறது. உள்ளே நான் கதை பேசிக்கொண்டிருப்பேன். வெளியே யாராவது வெயிலுக்குக் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பது கண்ணில் பட்டால், பாதிச் சிரிப்பில், அன்று கிணற்றடியில் நீங்கள் கேட்ட கேள்வி வந்துவிடும். எழுந்து போய் நானே அவர்களை உள்ளே கூப்பிடுகிறேன்.