தொண்டைக்குள் இருந்த கல்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகம். இந்தத் தடவை அதை மரியாதைக்காக எழுதவில்லை. எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது என்பதால் முதலிலேயே வரிசை போட்டுவிடுகிறேன்.

1. என் தொண்டை வலிக்கும் வாய் நாற்றத்துக்கும் நான் சந்தேகித்த காரணங்கள்.
2. உண்மையான காரணம் அகப்பட்ட விதம்.
3. அம்மா நாற்றம் தாங்காமல் கூடத்துக்குப் படுக்கையை மாற்றியது.

முதலில் பல்லைச் சந்தேகித்தேன். பல் மருத்துவர் சுத்தம் செய்து, ஒரு குறையுமில்லை என்று அனுப்பிவிட்டார். பிறகு வயிற்றுப் புளிப்பு மேலே ஏறுகிறதோ என்று இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே முடித்தேன், மூக்குச் சளி பின்பக்கமாகத் தொண்டையில் இறங்குகிறதோ என்று ஆவி பிடித்தேன், தூக்கத்தில் வாய் திறந்து வறண்டுபோகிறதோ என்றும் பார்த்தேன். இன்னொரு பெரிய வியாதியும் மனதில் இருந்தது, அதன் பெயரை உனக்கு எழுதக் கை வரவில்லை. அதனால்தான் போனில் உன்னிடம் சரியாகப் பேசவில்லை.

நம் டாக்டர் ஒவ்வொரு முறையும் அதே மாத்திரைதான் தருவார், வலி அடங்கும், திரும்ப வரும். நானும் சரிங்க டாக்டர் என்று எழுந்து வந்துவிடுவேன். போன வாரம் வாசல்வரை வந்தவன் என்ன தைரியமோ திரும்பிப் போனேன். "தப்பா இருந்தா மன்னிச்சிருங்க டாக்டர், டான்சில் இடுக்குல ஏதாவது சேர்ந்திருக்கான்னு பாக்க முடியுமா?" அவர் விளக்கடித்து ஓரத்தை அழுத்த, அரிசி அளவில் மஞ்சளாக ஒரு கல் வந்து விழுந்தது. நாற்றத்தில் அவரே தலையைப் பின்னுக்கு இழுத்தார். எனக்கோ பரிசு வாங்கியது போல இருந்தது! "ஐயா, இது எனக்குத் தோணாமப் போச்சே" என்றார். சாப்பாட்டுத் துணுக்கும் அழுக்கும் குழியில் தங்கி இறுகுவதாம். பயப்பட ஒன்றுமில்லை, சாப்பிட்டதும் வாய் கொப்பளித்தால் போதுமாம். திரும்பும்போது, இனி நாற்றமில்லை என்ற தெம்பில், மருந்துக்கடைக்காரரிடம் முகத்துக்கு நேராக நின்று ஊர்க்கதையெல்லாம் பேசினேன். உனக்கும் தொண்டை அடிக்கடி கட்டுகிறதே, மாத்திரையோடு விடாதே, கேள்வி கேள்.

இருவரும் நோய்நொடியின்றி நீடு வாழ்க.

அன்புடன்,
அப்பா

உறையை ஒட்டுவதற்கு முன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்றாவது குறிப்பு தவறு. நாற்றம் அவள்மேல் படக்கூடாதென்று நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததை, கோபம் என்று நினைத்துத்தான் கூடத்துக்குப் போயிருக்கிறாள். "நாத்தம் இருந்துச்சுதான். அதுக்கா எந்திரிச்சுப் போவேன்?" என்கிறாள்.